சூசை மேஸ்திரியும் விரியாத ஸ்க்ரூவும்

ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டைக்கு வரும் காலை பஸ் அன்று எங்கள் முதலாளி வீட்டு வாசலில் நின்றது. அங்கே நிறுத்தம் கிடையாது. நான் காரைக் கழுவிக்கொண்டிருந்தேன். கண்டக்டர் படியில் நின்றபடியே, "முனிரத்தினம், மேஸ்திரி போயிட்டாருய்யா. விடியக்காலம், ஆஸ்பத்திரியில" என்றார். "எந்த மேஸ்திரி?" என்று கேட்டேன். கட்டட மேஸ்திரி, மரம் வெட்டுகிற மேஸ்திரி என்று இந்தத் தாலுகாவில் தடுக்கி விழுந்தால் மேஸ்திரிகள்தான். ஆனாலும் அவர் எந்த மேஸ்திரியைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரிந்தே இருந்தது. கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் போன பிறகு காரைத் துடைத்து முடித்துவிட்டுத்தான் உள்ளே போய் முதலாளியிடம் சொன்னேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இப்போதும் தெரியவில்லை.

முதலாளி பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பாதியில் இலையை மடித்துவிட்டு எழுந்தார். "வண்டிய எடு, நானும் வரன்" என்றார். ஓசூர் கல்லறைத் தோட்டத்தில் அன்று நின்ற கூட்டத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். கிருஷ்ணகிரி, பர்கூர், சூளகிரி, இராயக்கோட்டை என்று எல்லாப் பட்டறைகளிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். மெக்கானிக்குகள் ஒரு பக்கம், டிரைவர்கள் ஒரு பக்கம் என்று நிற்கவில்லை, கலந்தே நின்றார்கள். மூன்று வருடம் முன்பு இது நடந்திருக்காது.

நமது ஓட்டுநர் சங்கத்தின் ஆண்டு மலருக்காக அவரைப் பற்றி எழுதும்படி செயலாளர் என்னிடம் சொன்னார். காத்திருக்கும் நேரத்தில் பேப்பர் படித்துப் படித்தே எழுதப் பழகியவன் நான். "போனவரப் பத்தி நல்லதா நாலு வார்த்தை எழுதுப்பா" என்றார் செயலாளர். நல்லதை எழுதத்தான் போகிறேன். ஆனால் எங்கள் பழக்கம் அவர் என் வேலையைப் பறித்ததில் தொடங்கியது. அதை விட்டுவிட்டு எழுதினால் அது வேறு யாரோ ஒரு சூசையாகத்தான் இருக்கும். அவருக்கும் அது பிடிக்காது.

அவரைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். ஓசூரில் பெங்களூர் சாலை ஓரமாக, தகரக் கூரை போட்ட பட்டறை அவருடையது. ஐம்பது வயதைத் தாண்டிய மெலிந்த மனிதர். கன்னட லாரிக்காரரிடம் கன்னடத்தில் பேசுவார், தன்னோடு வேலை பார்த்த நாராயணப்பாவிடம் தெலுங்கில் பேசுவார், திட்டுவது மட்டும் எல்லோரையும் தமிழில்தான். பட்டறை வாசலில் இரண்டு கல்தூணுக்கு நடுவே ஓர் இரும்புச் சங்கிலி தொங்கும். டிரைவர்கள் வண்டியை உள்ளே விட்டுவிட்டு அந்தச் சங்கிலிக்கு வெளியே வந்துவிட வேண்டும். எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, கூப்பிடும்போது போனால் போதும். "உனக்கு ஸ்டியரிங்கு, எனக்கு ஸ்பேனரு. நான் உன் சீட்ல உக்காரனா?" என்பார். இந்த வழக்கம் எல்லாப் பட்டறையிலும் இருந்தது. சங்கிலி போட்டுக் காட்டியவர் அவர் ஒருவர்தான்.

மூன்று வருடம் முன்பு கிருஷ்ணகிரியில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போய்விட்டு முதலாளி குடும்பத்தோடு திரும்பிக்கொண்டிருந்தோம். மத்தியான வெயில். மேலுமலை ஏற்றத்தில் பாதி ஏறியிருப்போம். என்ஜினுக்குள் சுத்தியலால் அடிப்பது போல ஒரு சத்தம் கேட்டது. கேட்ட உடனே சாவியை அணைத்து வண்டியை ஓரம் கட்டினேன். ஒரு கல்லெறி தூரம்கூட அதன் பிறகு ஓடவில்லை. பானெட்டைத் திறந்தால் உள்ளே எங்கும் ஆயில் தெறித்துக் கிடந்தது. பெண்களைப் பின்னால் வந்த பஸ்ஸில் ஏற்றிவிட்டு, ஒரு லாரியில் கயிறு கட்டி வண்டியை ஓசூருக்கு இழுத்துக்கொண்டு வந்தோம்.

சூசை மேஸ்திரி வந்தார். ஆயில் மட்டம் பார்க்கிற கம்பியை உருவிப் பார்த்தார். கம்பி காய்ந்திருந்தது. வண்டியைத் தள்ளச் சொல்லிச் சத்தத்தைக் கேட்டார். என்ஜினைத் திறக்கக்கூட இல்லை. முதலாளியைப் பார்த்து, "ஆயிலு இல்லாம ஓட்டியிருக்கானுங்க. என்ஜின் போச்சு" என்றார். சங்கிலிக்கு வெளியே நின்றிருந்த நான் கத்தினேன். "காலையில கம்பிய எடுத்துப் பாத்துட்டுத்தாங்க கெளம்பினேன். ஆயிலு மார்க்குல இருந்துச்சு. சத்தம் வந்ததும் நிறுத்திட்டேன். பத்து நாளைக்கு முன்ன நீங்கதான கார்ப்ரேட்டரக் கழட்டி மாட்டினீங்க? அதுல எதாச்சும் இருக்கான்னு பாருங்க" என்றேன். கடைசியில் சொன்னதுதான் தப்பாகப் போயிற்று. மேஸ்திரி என் பக்கம் திரும்பவே இல்லை. "டிரைவருங்க எல்லாம் ஒரே பாட்டுத்தாங்க பாடுவாங்க. மார்க்குல இருந்துச்சு, ஒடனே நிறுத்திட்டேன். நீங்களே கம்பியப் பாருங்க" என்று முதலாளியிடம் சொன்னார். முதலாளி கம்பியைப் பார்த்தார். பிறகு சாவிக்காக என்னிடம் கையை நீட்டினார்.

எட்டு வருடம் ஓட்டிய வண்டி. நடந்தே பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன்.

வேலை போனது ஒன்று, பெயர் போனது ஒன்று. முதலாவதை எப்படியாவது சமாளிக்கலாம். ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் தெரிந்த இடத்தில் எல்லாம் கேட்டுப் பார்த்தேன். எனக்கு முன்னால் அந்தச் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. ஆயில் பார்க்காமல் என்ஜினைக் கொன்றவன் கையில் யார் வண்டியைக் கொடுப்பார்கள்? கல்லாவியில் இருக்கும் என் வீட்டுக்கே போய்விட்டேன். சந்தையில் புளி மூட்டை ஏற்றி இறக்கும் வேலை கிடைத்தது. அரிசிக்குத் திண்டாட்டமாக இருந்த வருடம் அது. என் மனைவி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பன்னிரண்டாம் நாளோ என்னவோ, சந்தை நாள். மூட்டையை முதுகில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தால் எதிரே சூசை மேஸ்திரி நிற்கிறார். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி, அங்கிருந்து ஊத்தங்கரை, பிறகு இங்கே என்று மூன்று பஸ் மாறி, விசாரித்து விசாரித்து வந்திருக்கிறார். நான் மூட்டையை லாரியில் போடும்வரை நின்றார். பிறகு டீக்கடைக்குக் கூட்டிப் போய், துணிப்பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய ஒன்றை எடுத்துப் பெஞ்சில் வைத்தார்.

"பிஸ்டன். உன் வண்டியோடது" என்றார்.

"எங்கிட்ட எதுக்குக் கொண்டாந்தீங்க? கழுத்துல கட்டிக்கவா?"

"தலையப் பாரு. நசுங்கின எடத்துல மஞ்சளா ஒண்ணு தெரியுதா?"

தெரிந்தது. வெள்ளை அலுமினியத்தில் அமுங்கிப்போய், கடுகை விடக் கொஞ்சம் பெரிதாக ஒரு மஞ்சள் புள்ளி.

"பித்தளை. பிஸ்டன் தலையில பித்தளைக்கு என்னா வேலை? கார்ப்ரேட்டருக்குள்ள பாத்தேன். ரெண்டு ஸ்க்ரூவுல ஒண்ணு இல்ல. நான் மாட்டினது. நாந்தான் மாட்டினேன்."

காரின் உள்விவரம் தெரியாதவர்களுக்காக இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். பெட்ரோலும் காற்றும் கலந்து என்ஜினுக்குள் போகிற வழிதான் கார்புரேட்டர். அதன் தொண்டையில் வெள்ளி ரூபாயை விடக் கொஞ்சம் பெரிதாக ஒரு வட்டத் தகடு உண்டு. ஆக்சிலேட்டரை மிதித்தால் அது திறக்கும், காலை எடுத்தால் மூடும். அந்தத் தகட்டை ஒரு தண்டோடு சேர்த்துப் பிடித்திருப்பவை அரிசி நீளமே உள்ள இரண்டு பித்தளை ஸ்க்ரூக்கள். ஸ்க்ரூவின் நுனி இரண்டு காலாகப் பிளந்திருக்கும். முடுக்கிய பிறகு அந்தக் கால்களைத் திருப்புளியால் அகட்டிவிட்டால் வண்டி எவ்வளவு அதிர்ந்தாலும் ஸ்க்ரூ திரும்பி வராது. அகட்டாமல் விட்டால் அதிர்விலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று ஒரு நாள் விழும். விழுந்ததை என்ஜின் அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். அது போய் வால்வில் சிக்கினால் வால்வு ஒடியும், ஒடிந்த வால்வு பிஸ்டனை ஓட்டை போடும். ஓட்டை வழியாகக் காற்று கீழே அடித்து, இருக்கிற ஆயிலை எல்லாம் வெளியே தள்ளிவிடும். மேஸ்திரி பார்த்த காய்ந்த ஆயில் கம்பிக்குக் காரணம் அதுதான்.

இது தெரியாதவரா அவர்? தெரியும். எல்லோருக்கும் தெரியும். ஆனால் நம் பக்கத்துப் பட்டறைகளில் அந்தக் காலை யாரும் அகட்டுவதில்லை. ஒரு தடவை அகட்டினால் அடுத்த தடவை கழற்றும்போது கால் ஒடிந்துவிடும், புது ஸ்க்ரூ வேண்டும். அந்த மாதிரி வெளிநாட்டுச் சாமான் எப்போதுமே கிடைப்பது அரிது, ரூபாயின் மதிப்பைக் குறைத்த பிறகு பெங்களூரிலேயே கிடைக்காமல் போயிருந்தது. ஆகவே பழைய ஸ்க்ரூவையே முடுக்கி, நகைப் பட்டறையில் வாங்கிய அரக்கை உருக்கி நுனியில் ஒரு பொட்டு வைத்துவிடுவார்கள். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வரை இதுதான் நடைமுறை. சூசை மேஸ்திரி வைக்கும் பொட்டு மற்றவர்கள் வைப்பதை விட அழகாக இருக்கும் என்பதில் அவருக்குப் பெருமை வேறு.

கல்லாவி டீக்கடையில் நான் அவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். சந்தைக்கு வந்தவர்கள் கூடி நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவர் ஒரு டீ வாங்கிக் குடித்தார், எனக்கும் ஒன்று வாங்கி வைத்தார். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது, "முடிஞ்சுதா? மிச்சம் இருந்தா பஸ்ஸுல திட்டு. ஊத்தங்கரை பஸ்ஸு வந்துரும், கெளம்பு" என்றார். நான் எங்கேயும் வரப்போவதில்லை என்றேன். "உங்க முதலாளி முன்னால வெச்சு உன் மேல பழி சொன்னேன். அதே ஆளு முன்னால திருப்பிச் சொல்லணும். நீ பக்கத்துல இல்லாம சொன்னா அது சொன்னதாவாது" என்றார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை. கடைசியில் அவர் பின்னாலேயே போய் பஸ் ஏறினேன். அவர் பிஸ்டனை மடியில் வைத்துக்கொண்டு தூங்கினார்.

முதலாளி வீட்டில் மேஸ்திரி நின்றுகொண்டே பேசினார். ஸ்க்ரூவைச் சொன்னார், பிஸ்டனைக் காட்டினார், "இவன் சொன்னது அத்தனையும் நெசம். சத்தம் வந்ததும் நிறுத்தினதாலதான் மத்த மூணு பிஸ்டனும் பொழச்சுது" என்றார். முதலாளி கெட்டவர் இல்லை, ஆனால் ஒரு முடிவை எடுத்துவிட்டால் அதைத் திருப்ப அவருக்குக் கூச்சம். "ஒத்துக்கிட்டீங்களே மேஸ்திரி, பெரிய மனுசன் நீங்க. ஆனா புதுசா ஒருத்தன வெச்சாச்சே" என்றார்.

"வெச்சுக்குங்க. என்ஜின் வேலை முடிஞ்சதும் வண்டிய எடுக்க முனிரத்தினத்த அனுப்புங்க. வேற ஆளு கையில சாவி குடுக்க மாட்டேன்."

"என் வண்டி மேஸ்திரி அது."

"வண்டி உங்களுதுங்க. பழி என்னுது. அது எறங்காம வண்டி எறங்காது."

முதலாளிக்குக் கோபம் வந்தால் கன்னடம்தான் வரும். நிறைய வந்தது. மேஸ்திரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். இருந்த கொஞ்ச நஞ்ச வழியையும் இந்த மனிதர் அடைத்துவிட்டாரே என்று நினைத்தேன். பத்து நாள் கழித்து முதலாளி ஆள் அனுப்பினார். புது டிரைவர் அதற்குள் ஒரு கல்யாணத்துக்காக வாங்கி வந்த இரவல் காரை வாய்க்காலில் இறக்கியிருந்தான். அவனுக்கு இன்றுவரை நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

வண்டியை எடுக்கப் போன அன்று பட்டறை வாசலில் வழக்கம் போலச் சங்கிலிக்கு இந்தப் பக்கம் நின்றேன். மேஸ்திரி வந்து சங்கிலியைக் கழற்றினார். "உள்ள வா" என்றார். தயங்கித் தயங்கி உள்ளே போனேன். நாராயணப்பா கையில் இருந்த வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். மேஜை மேல் கார்புரேட்டர் இன்னும் மாட்டாமல் இருந்தது. மேஸ்திரி அதை எடுத்து என் முகத்துக்கு நேராகப் பிடித்தார். "ரெண்டு ஸ்க்ரூ, நாலு காலு. நாலும் விரிஞ்சிருக்கா பாரு. கண்ண நம்பாத, நகத்த வெச்சுத் தள்ளிப் பாரு. நீ சரின்னாத்தான் மாட்டுவேன்." நகத்தை வைத்துத் தள்ளினேன். அசையவில்லை. "சரிங்க" என்றேன்.

நாராயணப்பாவுக்கு இது பிடிக்கவே இல்லை. மெக்கானிக் செய்த வேலையை டிரைவர் சோதிப்பதா? மேஸ்திரி அவருக்குச் சொன்ன பதில் எனக்கு மனப்பாடம். "நம்ம தப்ப நாம பாக்க மாட்டோம் நாராயணா. நம்ம கை மேல நமக்கு ஆசை. ஓட்றவனுக்கு அந்த ஆசை கெடையாது, அவனுக்கு உசுரு."

அதன் பிறகு அந்த மனிதர் ஓயவில்லை. மூக்கண்டப்பள்ளியிலிருந்து சைக்கிளில் வரும் லேத்துக்காரர் ஒருவரைப் பிடித்து, பித்தளைக் கம்பியில் ஸ்க்ரூ கடையச் சொன்னார். முதல் முறை கடைந்தது எல்லாம் மரை சேராமல் குப்பைக்குப் போயிற்று. இரண்டாம் முறை கால் முறிந்தது. மூன்றாம் முறை தேறியது. அதற்குப் பிறகு அவர் பட்டறையில் கழற்றிய ஸ்க்ரூவை மறுபடி மாட்டுவது கிடையாது. அகட்டும்போதும் அளவு உண்டு. தண்டுக்கு அடியில் முட்டுக் கொடுத்துத்தான் அகட்ட வேண்டும், இல்லாவிட்டால் தண்டு வளையும். "ரொம்ப விரிச்சியன்னா காலு ஒடிஞ்சு அதுவும் உள்ளதான் போவும். ஆத்திரத்துல பண்ற வேலை இல்ல இது" என்று நாராயணப்பாவிடம் நூறு தடவை சொல்லியிருப்பார்.

தன் பட்டறையோடு அவர் விட்டிருந்தால் அன்று கல்லறைத் தோட்டத்தில் அந்தக் கூட்டம் வந்திருக்காது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் வெள்ளைச் சட்டையோடு அப்படியே பஸ் ஏறிவிடுவார். தோளில் துணிப்பை, பைக்குள் அந்தப் பிஸ்டன். ஒரு வாரம் சூளகிரி, ஒரு வாரம் பர்கூர், ஒரு வாரம் இராயக்கோட்டை. பட்டறை பட்டறையாகப் போய்ப் பிஸ்டனைக் காட்டுவார், அரக்கை விடு, காலை அகட்டு, மாட்டுமுன் டிரைவரைக் கூப்பிட்டுக் காட்டு என்பார். அவர் போன பிறகு சிரிப்பார்கள். பிஸ்டன் பாதிரியார் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் அவர் காதுக்கும் வந்தது. "பாதிரியாருன்னா காணிக்கையாச்சும் குடுக்கணும்ல, அதையும் காணமே" என்றார்.

முதலாளி விடும் ஞாயிறுகளில் நானும் கூடப் போவேன். போகாவிட்டால் விடமாட்டார். சாட்சி வேண்டுமாம். கிருஷ்ணகிரியில் ஒரு பெரிய மெக்கானிக், பெயர் வேண்டாம், இப்போது அவரும் நம் பக்கம்தான், பிஸ்டனைக் கையில் வாங்கக்கூட இல்லை. "இருவது வருசமா அரக்குத்தான் வெக்கிறேன் சூசை. எங்கிட்ட வந்துட்டுப் போன ஒரு வண்டிகூட இதனால செத்ததில்ல" என்றார்.

"செத்துருக்கும். செத்ததுக்கெல்லாம் டிரைவருங்க மேல பழியப் போட்டுட்டோம். அதனால நமக்குத் தெரியாமப் போச்சு" என்றார் மேஸ்திரி.

இத்தனை வருடமாக டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நாங்கள் எங்களுக்குள் புலம்பியதை, ஒரு மெக்கானிக் பட்டறையின் நடுவில் நின்று சொல்லிவிட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் அவராகவே பேச ஆரம்பித்தார். எனக்கு முன்பு இரண்டு டிரைவர்களை அவர் இதே போல ஆயில் கம்பியைக் காட்டி அனுப்பியிருக்கிறார். அந்த என்ஜின்களில் பித்தளை இருந்ததா என்று அவருக்குத் தெரியாது, தேடிப் பார்க்கவில்லை. "தேடலியே முனிரத்தினம். தேடணும்னே தோணல" என்றார். ஒருவர் மைசூர்ப் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. இன்னொருவர் மாதையன், பர்கூர் அருகே பெட்டிக்கடை வைத்திருந்தார். அடுத்த ஞாயிறு அவரைப் பார்க்கப் போனோம். மேஸ்திரி எல்லாவற்றையும் சொன்னார். மாதையன் கேட்டுக்கொண்டே பீடிக்கட்டுகளை அடுக்கினார். கடைசியில், "இப்ப வந்து சொல்லி என்னாங்க ஆவப்போவுது? ஸ்டியரிங்கத் தொட்டு ஏழு வருசம் ஆச்சு. போயிட்டு வாங்க" என்றார். அந்த வாரத்திலிருந்து ஞாயிறு ஒன்றுக்கு ஓர் ஊர் என்பது இரண்டாயிற்று.

பட்டறைக்காரர்கள் அவர் சொல்லிக் கேட்கவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். டிரைவர்கள் கேட்டார்கள். மாட்டுமுன் காட்டினால்தான் வண்டியை எடுப்போம் என்று நம் சங்கம் தீர்மானம் போட்டதற்கு அந்தப் பிஸ்டன்தான் காரணம். பட்டறைக்காரர்கள் முதலில் முறைத்தார்கள், பிறகு முனகினார்கள், அப்புறம் லேத்துக்காரர் வீட்டு வாசலில் வரிசையில் நின்றார்கள். நம் ராஜ்யத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் மாற்றிய இந்த வருடத்தில், ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வரை அரக்குப் பொட்டு வைக்கும் பட்டறை எனக்குத் தெரிந்து ஒன்றுகூட இல்லை. எங்காவது இருந்தால் சொல்லுங்கள், போவோம்.

கடைசியாக நான் அவரிடம் வண்டியை விட்டது மூன்று மாதம் முன்பு. சர்க்கரை வியாதி அவரை அதற்குள் பாதியாக்கியிருந்தது. காலில் கட்டுப் போட்டிருந்தார். வலி தெரியாததுதான் பயம் என்று டாக்டர் சொன்னாராம். இருந்தாலும் கார்புரேட்டர் என்றால் அவரே உட்கார்ந்து செய்வார், யாரையும் தொடவிட மாட்டார். அன்று நாலைந்து டிரைவர்கள் பட்டறைக்குள் நின்றிருந்தார்கள். பர்கூரிலிருந்து வந்த ஒரு மெக்கானிக்கும் இருந்தார். மேஸ்திரி வேலையை முடித்து, வழக்கம் போல என் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

வலது பக்கம் இரண்டு காலும் விரிந்திருந்தன. இடது பக்க ஸ்க்ரூ முடுக்கியபடியே இருந்தது. திருப்புளி அதன் காலில் படவே இல்லை.

நான் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். சந்தேகம் இல்லை. அவர் கண்ணைப் பார்த்தேன், அது என் முகத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில் எங்கேயோ பார்த்தது. சரி என்று சொல்லிவிட்டு, வண்டியை மெதுவாக ஓட்டிப் போய் வேறு ஒரு பட்டறையில் சரி செய்துகொண்டால் என்ன? யாருக்கும் தெரியாது. இத்தனை பேர் முன்னால் இந்த மனிதரைத் தலைகுனிய வைக்க வேண்டுமா? கல்லாவியில் அவரைத் திட்டிய அதே வாய்க்கு இப்போது பேச்சு வரவில்லை.

"என்னா, சரியா?" என்றார்.

"எடது பக்கத்து ஸ்க்ரூ விரியலைங்க மேஸ்திரி."

நாராயணப்பா என்னை எரித்துவிடுவது போலப் பார்த்தார். மேஸ்திரி கார்புரேட்டரைத் தன் பக்கம் திருப்பினார், கண்ணருகே கொண்டுபோனார். பிறகு கட்டைவிரலால் அந்த இடத்தைத் தடவினார். மறுபடி தடவினார். விரலிலும் உணர்ச்சி இல்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் முகம் ஒரு கணம் குழந்தை முகம் போல ஆகிவிட்டது. நான் என் நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"எனக்குக் கண்ணுக்கும் தெரியல, கைக்கும் தெரியல. என் கை விரிச்சாச்சுன்னுதான் சொல்லுது" என்றார். கார்புரேட்டரை நாராயணப்பாவிடம் நீட்டினார். "டிரைவரு விரியலன்னு சொல்றான். கழட்டு."

நாராயணப்பா கழற்றினார். புது ஸ்க்ரூ போட்டு, முட்டுக் கொடுத்து, அகட்டி, என்னிடம் காட்டினார். நான் நகத்தை வைத்துப் பார்த்துச் சரி என்றேன். மேஸ்திரி திருப்புளியைத் துடைத்து நாராயணப்பாவின் பெட்டியில் போட்டார். "இனிமே கார்ப்ரேட்டரு உன்னுது" என்றார். அதற்குப் பிறகு அவர் அந்த வேலையைத் தொடவில்லை. அன்று வண்டியை எடுத்துக்கொண்டு தேன்கனிக்கோட்டை வந்து சேரும்வரை நான் அழுதுகொண்டே ஓட்டினேன். அழுதது வருத்தத்தில் மட்டும் இல்லை. அவர் தன் கண்ணையும் கையையும் நம்பாமல், ஒரு டிரைவரின் வார்த்தையை நம்பினார்.

அவரிடமிருந்து நீ என்ன வைத்துக்கொண்டிருக்கிறாய் என்று கேட்டால், சொல்வதற்கு ஒன்று உண்டு. போன வாரம் கிருஷ்ணகிரியிலிருந்து வரும்போது முதலாளியின் அக்கா பின்சீட்டில் இருந்தார். எழுபது வயது, வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. "முனிரத்தினம், கீழ என்னமோ கிறீச்னு கேக்குதுப்பா" என்றார். எனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. பதினோரு வருடமாக இந்த வண்டியின் ஒவ்வொரு சத்தமும் எனக்குத் தெரியும். முன்பென்றால், "ஒண்ணுமில்லீங்கம்மா, ரோடு அப்பிடி" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்திருப்பேன். இப்போது ஓரம் கட்டினேன். பானெட்டைத் திறந்து பார்த்தேன், நாலு சக்கரத்தையும் பார்த்தேன், துண்டை விரித்துப் படுத்து அடியிலும் பார்த்தேன். ஒன்றும் இல்லை. எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு வந்து, "ஒண்ணுமில்லீங்கம்மா" என்றுதான் சொன்னேன். ஆனால் பார்த்துவிட்டுச் சொன்னேன்.